அலுமினியம் ஃபேப்ரிகேட்டர்

விசா ரத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
தொழில் என்ற இடத்தில்
அலுமினியம் ஃபேப்ரிகேட்டர் என்றிருந்தது.
பதினேழு வருஷத்தில்
ஒரு ஜன்னல் சட்டம்கூட அறுத்ததில்லை.
நான் வெட்டியதெல்லாம் ஆட்களின் பேச்சை.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா ஆறு.
கீழே பழைய கியர்பாக்ஸ் கடை, மேலே ஸ்டுடியோ.
வெள்ளிக்கிழமை மதியம் அரைமணி நேரம்
சென்னைச் சேனல் ஒன்றில்
வாடகைக்கு எடுத்த வானம்.

மைக்கில் இரைகிறதென்று
ஏசியை அணைத்துவிட்டுத்தான் செய்தி.
செலின் ரோஸ்லினுக்கு
பத்திக்கு ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டுவேன்.
மற்ற நாளெல்லாம் அவள் நர்ஸ்.
இடுப்புக்கு மேலே பட்டு,
கேமரா பார்க்காத கீழ்ப்பாதியில் ஆஸ்பத்திரிப் பேண்ட்.
'வளைகுடாச் செய்திகள், வாசிப்பது' என்னும்போது
கீழே எவனாவது சுத்தியலை எடுப்பான்.
மறுபடி முதலிலிருந்து.

கார்கோ கம்பெனிதான் முதலில் கழன்றுகொண்டது.
பிறகு நகைக்கடை.
அரிசிக்காரர் கடைசிவரை இருந்தார்,
அவரும் ஒருநாள் நேராகவே சொன்னார்:
'அமீன் பாய், இப்ப கேம்ப்புல
கட்டிலுக்கு ஒரு டிவி ஸ்டேஷன்.
எந்தக் கட்டிலுக்குக் காசு கொடுத்தாலும்
உங்களைவிட அதிகம் பேர் பார்க்குறான்.'

பொய்யில்லை.
என் அறையில் பரமக்குடிப் பையன் ஒருவன்
ரசம் வைப்பதை நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள்.
ரசமும் நன்றாகத்தான் இருக்கிறது.

சாமான்களை எடைக்குப் போட்ட அன்று
பொங்கல் வாழ்த்து டேப்புகள் மட்டும்
நானூற்றுப் பதினொன்று.
சோனாப்பூர், அல் கூஸ், ஜபல் அலி.
கேம்ப் வாசலில் வரிசையாய் நிறுத்தி
ஆளுக்குப் பன்னிரண்டு நொடி கொடுப்போம்.
பெயர், ஊர், யாருக்கு வாழ்த்து.
அடுத்த ஆள்.

அதில் ஒருவர் மாடக்கண்ணு, களக்காட்டுப் பக்கம்.
பெயர் சொன்னார்.
ஊர் சொன்னார்.
யாருக்கு என்ற இடத்தில் நின்றுவிட்டார்.
தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது.
ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
பின்னால் நின்றவன் விலாவில் குத்தினான்.
அப்படியே எட்டு நொடி.

மௌனத்துக்கு ஸ்பான்சர் கிடையாது.
வெட்டினேன்.

மறுவாரம் ஃபோனில் கேட்டார்:
'வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தாங்களாம் சார்,
நான் வரவே இல்லையாமே?'
உங்க ஊர்ல அந்த நேரம்
கரண்டு போயிருக்கும் என்றேன்.
'இருக்கும் சார், அடிக்கடி போகும்' என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வெட்டாத மூலம் இதில் எங்கோ இருக்கிறது.
சூட்டில் ஸ்டிக்கர்கள் உதிர்ந்துவிட்டன;
ஓட்டிப் பார்க்கலாமென்றால்
மெஷினைக் காலையிலேயே இறக்கிவிட்டார்கள்.
பலூச்சிக்காரர் ஒரு டேப்பைத் தரையில் தட்டி உடைத்து
கறுப்பு நாடாவை விரலால் வழித்து எறிந்தார்.
'கூடு மட்டும்தான் கணக்கு.
உள்ளே இருக்கிறது எனக்கு வேண்டாம்.'
கிலோவுக்கு அரைத் திர்ஹம்.
அமீன் பாய் அதை வாங்கி எண்ணாமல் என்னிடம் தந்தார்.
டாக்ஸிக்குப் போதவில்லை.

பச்சைத் துணியை யாரும் கேட்கவில்லை.
கொண்டுவந்து என் கீழ்க்கட்டிலைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.
இந்தத் துணியில்
கண்ணாடிக் கோபுரங்கள் வைத்திருக்கிறேன்,
பாராளுமன்றம் வைத்திருக்கிறேன்,
ஒருமுறை, யாரோ கேட்டார்களென்று, மழை.
இப்போது இதற்குள்
முப்பது நாள் கெடுவோடு நான்.

இரவு பத்தரை.
மேல்கட்டிலில் பையன் லைவ் போகிறான்.
அவனுடைய வட்ட விளக்கு துணிவழியே கசிந்து
என் கையெல்லாம் பச்சை.
துணியை விலக்கி
தலைகீழாய்த் தொங்கியபடி ஃபோனை நீட்டுகிறான்.
'அண்ணே, நாளைக்குப் பொங்கல்.
ஒரு வாழ்த்து சொல்லுங்கண்ணே.'

பெயர் சொன்னேன்.
ஊர் சொன்னேன்.